நிகழ்ந்த இடம்

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

கேள்வியை இன்னொரு தடவை படியுங்கள், பார்க்கலாம். "கடந்த முந்நூற்று அறுபத்தைந்து நாட்களில் இந்தக் குடும்பத்தில் எவரேனும் இறந்தாரா?" ஆம், இல்லை, இரண்டு கட்டம். நீங்கள் இன்னும் எதையும் தொடவில்லையே? தொட வேண்டாம். அந்த டேப்லெட்டை அப்படியே மடியில் கவிழ்த்து வையுங்கள். ஒரு பத்து நிமிஷம்.

உங்களுக்கு அவசரம் இருக்கும், தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை வீடு கொடுத்திருக்கிறார்கள்? ஆறா? எங்கள் காலத்தில் நாலு. நாலையே ஒழுங்காக முடிக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போகாமலே மரத்தடியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் செவ்வாய்க்கிழமை வந்து பூட்டிக் கிடக்கிறதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு மறுபடியும் வந்திருக்கிறீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

என் பெயர் ஆவுடையப்பன் என்று எழுதிவிட்டீர்கள். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் என்றும் போட்டுவிட்டீர்கள். எந்தத் துறை என்று உங்கள் படிவம் கேட்காது. புள்ளியியல் துறை. இந்தச் செவல்பாறை ஒன்றியத்துக்குப் பதினோரு வருஷம் புள்ளியியல் ஆய்வாளர். உங்கள் வேலைக்கு நான் அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் இறந்துபோனாள். பிரம்மசக்தி. பிரசவத்தில். அதைத்தான் அவன் உங்களிடம் வாசலில் சொன்னான். "அவருட்டயே கேளுங்க மேடம், இந்தத் தடவையாவது வாயத் தொறந்து சொல்லுதாரான்னு பாப்போம்" என்றானே, அவன் என் மகன் கோமதிநாயகம். ஒரு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. தட்டை வைப்பான், குழம்பை ஊற்றுவான், போய்விடுவான். இப்போதும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறான். கீழே பாருங்கள், கால் தெரிகிறது. நிற்கட்டும், கேட்கட்டும்.

அவள் இறந்தது போன வருஷம் ஜூன் இருபத்து நாலு. இன்றைக்கு ஜூன் இருபத்தேழு. முந்நூற்று அறுபத்தெட்டு நாள். மூன்று நாள் வெளியே போய்விட்டது. அதனால்தான் கவிழ்த்து வைக்கச் சொன்னேன்.

நீங்கள் செவ்வாய்க்கிழமை வந்தபோது நாங்கள் இருந்திருந்தால் ஒரு பேச்சும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு வருஷத் திதி. பஞ்சாங்கம் பார்க்காமல் இறந்த தேதிக்கே வைத்துக்கொண்டோம், அன்றைக்குச் சரியாக முந்நூற்று அறுபத்தைந்து நாள். பாபநாசத்துக்குப் போயிருந்தோம். ஒரே பஸ்தான். அவன் பிள்ளையோடு முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால்.

இதில் அவனுக்கு என்ன என்று கேட்பீர்கள். குஜராத்தில் ஒரு இடத்துக்கு அவனைக் கம்பெனி கூப்பிடுகிறது. வீடும் தருகிறார்களாம், பிள்ளையோடு வரலாம். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் சொல்லவில்லை. எதிர்த்த வீட்டில் சொல்லியிருக்கிறான், எனக்குக் கேட்கிற மாதிரி. "இந்த சர்வேயில அவ சாவு ஏறுச்சுன்னா நான் இங்கனயே கெடக்கேன். இல்லன்னா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவேன்." அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், ஜெபசிங். இந்த சர்வேயில் செத்த இடத்தைக் கேட்க மாட்டார்கள், எந்த வீட்டு ஆள் என்றுதான் கேட்பார்கள், அடுத்த ஐந்து வருஷத்துக்கு ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் பிரிப்பது இதை வைத்துத்தான் என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னது சரி. மூன்று நாள் கணக்கை மட்டும் அவர் சொல்லவில்லை.

நான் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். இதையெல்லாம் எழுத வேண்டாம், இதற்குக் கட்டம் இல்லை.

எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் நல்ல மனிதர். ஆனால் சோம்பேறி. வருஷா வருஷம் வருமானப் படிவத்தில் "சென்ற ஆண்டைப் போலவே" என்று எழுதி அனுப்பிவிடுவார். கடலை இவ்வளவு, சோளம் இவ்வளவு, வெள்ளாடு இவ்வளவு. காற்றிலிருந்து கரண்டு எடுக்கிற காற்றாடி என்று ஒன்று இந்த மண்ணில் நிற்பதே அவர் படிவத்தில் கிடையாது. நீங்கள் பஸ்ஸில் வரும்போது பார்த்திருப்பீர்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான். நான் வந்து பொறுப்பேற்றதும் ஒன்றிய எல்லைக்குள் மொத்தம் எத்தனை என்று கேட்டேன். பஞ்சாயத்துத் தலைவர் "ஒரு நூறு நூத்தம்பது கெடக்கும்" என்றார். தாலுகா ஆபீசில் எழுபத்திரண்டு. மின்வாரியத்தில் வேறொரு எண். நான் என்ன செய்தேன்? எண்ணினேன்.

வைகாசி, ஆனி, ஆடி. மூன்று மாதம். நல்ல காற்றுக்காலம். மொபெட் சாய்ந்து சாய்ந்து விழும், இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். ஒவ்வொரு காற்றாடியின் அடியிலும் பெயிண்டில் எண் போட்டிருப்பார்கள், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி வேறே வரிசை, ஒரே எண் இரண்டு காட்டில் வரும். அதனால் நான் சுண்ணாம்புக் கட்டியால் அதற்குக் கீழே என் எண்ணை எழுதினேன். ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "எதுக்கு சார் எண்ணுதீய? ராத்திரி எவனும் களவாண்டுட்டுப் போயிருவானா?" என்று கேட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு மேடம். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

சொந்தக்காரர்கள் யாரும் இங்கே இல்லை. ஒன்று கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்காரருடையது, ஒன்று மெட்ராஸில் ஒரு நகைக்கடைக்காரருடையது, பாதிக்கு மேல் பம்பாய்க் கம்பெனி. பணம் அங்கே போய்விடுகிறது, அப்படியிருக்க எந்த ஊர் வருமானத்தில் எழுதுவது என்று மாவட்ட ஆபீசிலேயே ஒரு குழப்பம். நான்தான் கையேட்டை எடுத்துக் காட்டினேன். உற்பத்தி எங்கே நிகழ்கிறதோ அங்கே எழுத வேண்டும். நிகழ்ந்த இடம். சொந்தக்காரன் எங்கே குடியிருக்கிறான் என்று பார்க்கக் கூடாது. துணை இயக்குநர் என் முதுகில் தட்டினார்.

தலைக்கு முப்பத்தொன்பதாயிரம் ரூபாயாக இருந்த இந்த ஒன்றியத்தின் வருஷ வருமானம் ஒரே அடியில் இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரம் ஆயிற்று. மாவட்டத்தில் கடைசியாகக் கிடந்தது, இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. குடியரசு தினத்தன்று கலெக்டர் கையால் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ். பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. டீக்கடை சண்முகவேல் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டான். "சார்வாள், எம் பங்கு ரெண்டேமுக்கால் லட்சத்தச் சில்லறையாத் தந்துராதீக, பொட்டியில வைக்க எடமில்ல, நோட்டாவே தாங்க" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சராசரி என்றால் என்ன என்று உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்போ பம்பாய்க்காரனும் நானும் ஒரே தட்டுல சாப்புடுதோம், அவன் இன்னும் எனக்கு மிச்சம் வைக்கல, அதான?" என்றான். படிக்காதவர்கள் பேச்சு. ஆனாலும் அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை.

என் மகனும் அப்போது பெருமைப்பட்டான். இப்போது இல்லை என்பான். அப்போது பெருமைப்பட்டான். காற்றாடிக் கம்பெனியில் பராமரிப்பு வேலைக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தான், மாதம் பதின்மூன்றாயிரம். கூட வேலை பார்க்கிறவர்களிடம், "எங்கப்பா எண்ணாத காத்தாடி இந்தக் காட்டுல கெடையாது" என்று சொல்லுவானாம்.

பிறகு பட்டியல் வந்தது. பின்தங்கிய ஒன்றியங்களின் பட்டியல். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். வருமானம் குறைந்த இடத்துக்கு ஆஸ்பத்திரிப் பணம் கூடப் போகும், வருமானம் உள்ள இடத்துக்குக் குறையும். நியாயம்தானே? இல்லாதவனுக்குத்தானே முதலில் தர வேண்டும்? நான் இதை யாரிடமும் வாதாடுவேன். பழைய பட்டியலில் நாங்கள் இருந்தோம். எங்கள் சுகாதார நிலையத்துக்கு ஒரு ஆபரேஷன் தியேட்டர், ரத்தம் வைக்கிற ஃப்ரிட்ஜ், இரண்டு டாக்டர், மயக்க மருந்து டாக்டர் ஒருவர், எல்லாம் உத்தரவாகியிருந்தது. சாமான்கூட வர ஆரம்பித்துவிட்டது. ஆபரேஷன் விளக்கு ஒன்று வந்தது மேடம். வட்டமாக, ஒரு வண்டிச் சக்கரம் அளவுக்கு, பிளாஸ்டிக் சுற்றி. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபது நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜனங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் அதற்குக் குங்குமம் வைத்துவிட்டது.

புதுப் பட்டியலில் நாங்கள் இல்லை. ஒரு லாரி வந்து விளக்கை ஏற்றிக்கொண்டு போயிற்று. எங்கே போயிற்று தெரியுமா? பக்கத்து ஒன்றியத்துக்கு. அங்கே கால்வாய்ப் பாசனம், வாழை, மாடி வீடுகள், ஏற்கெனவே மூன்று தனியார் ஆஸ்பத்திரி. ஆனால் மலை மறைத்துக்கொண்டதால் காற்று இல்லை. காற்று இல்லாததால் காற்றாடி இல்லை. கணக்குப்படி அவர்கள் எங்களைவிட ஏழை. கணக்குப்படி என்றால் கணக்குப்படிதான் மேடம். நான் கண்ணால் பார்த்து எழுதுகிறவன் இல்லை.

டாக்டர் ஜெபசிங் அப்போதுதான் இங்கே மாற்றலாகி வந்திருந்தார். லாரி போகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் என் ஆபீசுக்கு வந்து அந்தப் படிவத்தின் நகல் கேட்டார். கொடுத்தேன். வாசித்துவிட்டு, "தப்பே இல்ல சார்" என்றார். நான் பாராட்டு என்று நினைத்தேன். பாராட்டுத்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் இப்போதும் அவர் ஒருவர்தான் டாக்டர். இரண்டு நர்ஸ், ஆறு கட்டில்.

நான் ஓய்வுபெற்று ஒரு வருஷத்தில் பிரம்மசக்திக்கு நிறைமாதம். முதல் பிரசவம், தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் அவளுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். அதனால் இங்கேயே இருந்துவிட்டாள். எனக்கும் மனைவி இல்லை. அவள்தான் எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவாள். எனக்குக் கண் சரியாகத்தான் தெரியும். அவள் வாசித்தால் கேட்க நன்றாக இருக்கும். மழை அளவு, அணை நீர்மட்டம், அதெல்லாம் கூட விடாமல் வாசிப்பாள். "மாமாவுக்குப் பிடிச்ச கத" என்பாள்.

இதையும் எழுத வேண்டாம்.

ஜூன் இருபத்து நாலு காலையில் வலி. நடந்தே போனோம், இங்கிருந்து நானூறு மீட்டர்தான். கோமதிநாயகம் அன்றைக்குக் காற்றாடி மேலே ஏறியிருந்தான். மேலே இருக்கும்போது போன் எடுக்கக் கூடாது. ஒன்பது இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். தாயும் சேயும் நலம் என்று நர்ஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பத்து மணிக்கு உதிரம் நிற்கவில்லை என்றார்கள். டாக்டர் ஊசி போட்டார், வயிற்றைப் பிடித்து அமுக்கினார், அவர் சட்டையெல்லாம் ரத்தம். வெளியே வந்து, "சார், எனக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் வேணும், ஒரு தியேட்டர் வேணும், எங்கிட்ட ரெண்டும் இல்ல. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். அறுபத்தெட்டு கிலோமீட்டர். குழந்தையை நர்ஸிடம் விட்டுவிட்டு நான்தான் ஆம்புலன்ஸில் ஏறினேன்.

ஜன்னலில் காற்றாடியெல்லாம் அன்றைக்கு என்ன சுற்றுச் சுற்றியது. நல்ல உற்பத்தி நாள். அவள் "குளுருது மாமா" என்றாள். என் துண்டைப் போர்த்தினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "குளுருது மாமா" என்றாள். போர்த்துவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

மாவட்ட எல்லைப் பலகையைத் தாண்டினோம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆம்புலன்ஸில் இருந்த பெண் கையைப் பிடித்துப் பார்த்தது, கண்ணைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. நான் மணி பார்த்தேன். பதினொன்று நாற்பத்தேழு. யாராவது ஒருவர் மணி பார்க்க வேண்டும் அல்லவா.

இதைக் கவனமாகக் கேளுங்கள். ஓடுகிற வண்டியில் ஒருவர் இறந்தால் இறப்பை எங்கே பதிவது? உங்களுக்குத் தெரியாது, பலருக்குத் தெரியாது. அதன்பின் வண்டி முதலில் எங்கே நிற்கிறதோ, அந்த ஊரில். நானே கிராம அலுவலர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். வகுப்பில் ஒருத்தர், "ஏரோப்பிளேன்ல செத்தா சார்?" என்று கேட்டுச் சிரிப்பை மூட்டுவார், ஒவ்வொரு வருஷமும் ஒருத்தர்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "அய்யா, நிறுத்தாம அப்படியே திருப்பிரட்டா? நம்ம ஆஸ்பத்திரிக்கே போயிருவோம். டாக்டர் இருக்காரு, எல்லாம் சுளுவா முடிஞ்சிரும்" என்றார். நான் "நிறுத்து" என்றேன். "இங்கயா அய்யா?" என்றார். "நிறுத்துப்பா, முதல்ல நிறுத்து" என்றேன். ஆவாரம்பட்டிக்குப் பாதை பிரிகிற விலக்கு. ஒரு வேப்பமரம், நுங்கு விற்கிறவர் ஒருத்தர். வண்டி நின்றதும் அவர் ஓலையில் நுங்கை ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

எனக்கு மூச்சு முட்டியது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன், அதனால்தான் நிறுத்தச் சொன்னேன் என்று அந்த ஆம்புலன்ஸ் பெண் பிறகு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை மேடம். விதிக்காகத்தான் நிறுத்தச் சொன்னேன். வண்டி போன திசையில் போய், நின்ற இடத்தில் நின்றது. அவ்வளவுதான். ஆவாரம்பட்டி பக்கத்து மாவட்டம். இறப்புச் சான்றிதழ் வாங்க அங்கே மூன்று தடவை நானே போய்வந்தேன்.

ஐந்தாம் நாள் டாக்டர் ஜெபசிங் இந்த வீட்டுக்கு வந்தார். நீங்கள் இருக்கிற இதே நாற்காலி. அப்போது சான்றிதழ் வாங்கியிருக்கவில்லை, பதிவு ஆகியிருக்கவில்லை. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "சார், ஒரு உதவி. அந்தப் பொண்ணு என் ஆஸ்பத்திரியிலயே இறந்துட்டதா எழுதுவோம். கூட இருந்த உறவினர்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். எந்த டாக்டராவது இப்படிக் கேட்பாரா? அவனவன் செத்தவரைக்கூட உயிரோடு இருக்கிறார் என்று வண்டியேற்றி அனுப்பிவிடுவான், தன் கணக்கில் வரக் கூடாதென்று.

"எனக்கு மெமோ வரும், விசாரணை வரும், வரட்டும்" என்றார். "நாலு வருஷமா ஒரு ரத்த ஃப்ரிட்ஜ் கேக்கேன் சார். ஒவ்வொரு தடவையும் என்ன எழுதித் திருப்பி அனுப்புறாங்க தெரியுமா? 'வருமானம் உயர்ந்த ஒன்றியம், பிரசவ மரணம் பூஜ்யம், தேவை எழவில்லை.' பூஜ்யமாத்தான் இருக்கும். சீரியஸானா நான் வண்டியேத்தி விடுறேன், வழியில இறந்தா வழியில உள்ள ஊரு கணக்கு, அங்க போய் இறந்தா அங்க உள்ள கணக்கு. உங்க மருமகளோட ஏழு பேரு. இந்த ஒண்ணாவது என் கணக்குல எழுதிக்கிறேன் சார்."

கோமதிநாயகம் மொட்டை போட்ட தலையோடு அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பிள்ளை அவன் மடியில். "போடுங்கப்பா" என்றான். "கையெழுத்துத்தான. போடுங்க."

நான் டாக்டருக்குப் பொறுமையாகத்தான் சொன்னேன். நடந்தது ஆவாரம்பட்டி விலக்கில். நான் கண்ணால் பார்த்தேன், மணி பார்த்தேன். இல்லாத இடத்தில் இருந்ததாக நான் எப்படி எழுதுவது? இன்றைக்கு நல்லதுக்காக ஒரு எண்ணை மாற்றினால், நாளைக்குக் கெட்டதுக்காக மாற்றுகிறவனை எந்த வாயால் கேட்பது?

"காத்தாடிப் பணம் ஒரு பைசா இங்க தங்கல, அத மட்டும் இங்க எழுதுனீங்க" என்றார் டாக்டர். "இங்கயே பொறந்து வளந்து, இங்கயே வாக்கப்பட்ட பொண்ணு. அவ சாவ அங்க எழுதணுங்கிறீங்க."

"இரண்டும் ஒரே விதி டாக்டர்" என்றேன். "நிகழ்ந்த இடம்."

அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். காபிகூடக் குடிக்கவில்லை. கோமதிநாயகம் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நீங்க எண்ணுனீங்கள்ல, முந்நூத்திப் பன்னெண்டு, அதுல ஒண்ணாச்சும் நம்மளுதாப்பா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசவில்லை. இது ஒரு கேள்வியா? சொந்தக்காரனுக்கும் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை என்று அவனுக்கே தெரியும். பிளஸ் டூவில் கணக்கில் எண்பத்தாறு வாங்கினவன்.

ஊரிலும் அப்படித்தான். சண்முகவேல் கடையில் இப்போது எனக்கு டீ கேட்காமலே வரும். டீயை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான். நான் யார் வீட்டுக்காவது தீ வைத்தேனா? ஒரு பைசா லஞ்சம் வாங்கியிருக்கிறேனா? ஒரு எண் தப்பாக எழுதியிருக்கிறேனா? ஒருத்தரைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் நேரம் போகிறது. எடுங்கள் டேப்லெட்டை.

என்ன சொல்கிறீர்கள்? புரியவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள். அவன் கேட்டால் கேட்கட்டும்.

இருபத்தெட்டா.

அதாவது பிரசவம் இருபத்து நாலு, அதை மாற்ற வேண்டாம். இறப்பை மட்டும் இருபத்தெட்டு என்று நான் சொன்னால், சான்றிதழை நீங்கள் கேட்க மாட்டீர்கள். சொன்னதை எழுதுவதுதான் உங்கள் வேலை, சரிபார்ப்பது உங்கள் வேலை இல்லை. பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தாள் என்று ஆகும். முந்நூற்று அறுபத்து நாலு நாள். உள்ளே வந்துவிடும்.

உங்களுக்கும் பெண் இருக்கிறதா? கழுத்துத் தாலியைப் பார்த்துக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். இரண்டு பெண்ணா. சரி.

நாலு நாள் இருந்திருந்தால் பிள்ளைக்குப் பால் கொடுத்திருப்பாள். ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. தூக்கிக் காட்டினார்கள், பார்த்தாள், அவ்வளவுதான்.

இருங்கள். தண்ணீர் வேண்டாம். எனக்கு ஒன்றுமில்லை.

நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த சர்வேக்கு இந்த ஊரில் எத்தனை வீடு எடுத்திருக்கிறீர்கள்? எட்டு. மாவட்டத்துக்கே நானூறு இருந்தால் அதிகம். அப்படியானால் இந்த ஒரு வீடு எத்தனை வீட்டுக்குப் பதிலாக நிற்கிறது? அதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். மேலே போய்ப் பெருக்குவார்கள். மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துச் சொச்சம் வீடு, வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய அறுநூற்று நாற்பது. நீங்கள் இங்கே ஒரு சாவு எழுதினால் அங்கே அறுநூற்று நாற்பது பெண்கள் பிரசவத்தில் செத்ததாக ஆகும். இந்த வருஷத்துக்குள் சாகாத ஒருத்தியை நான் செத்தாள் என்று சொன்னால், சாகாத அறுநூற்று நாற்பது பேரை நான் கொன்றதாக ஆகாதா? என் மருமகளுக்காக நான் அத்தனை பேரைக் கொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள்.

டாக்டர் சொன்னதில் மற்ற ஆறு பேரா? அந்த ஆறு பேர் உங்கள் எட்டு வீட்டில் வரவில்லையே மேடம். வந்திருந்தால் வந்திருக்கும். வரவில்லை.

இல்லை என்று போடுங்கள்.

விரலை வையுங்கள். இரண்டாவது கட்டம். நான் சொல்கிறேன் அல்லவா, தகவல் தருகிறவன் நான்தானே, என் பெயர்தானே மேலே இருக்கிறது? தேதி ஜூன் இருபத்து நாலு. இல்லை. சரி, உங்கள் விரல் முதல் கட்டத்துப் பக்கம் போகிறது, இங்கே கொடுங்கள். நானே அழுத்துகிறேன்.

ஆயிற்று.

அவன் வந்துவிட்டான் பாருங்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. என்னைப் பார்க்க மாட்டான், உங்களைத்தான் பார்ப்பான். சொல்லுங்கள் அவனிடம், என்ன அழுத்தினது என்று. நீங்கள் சொல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரியும், அவன் எங்கேயும் போகவில்லை, அங்கேதான் நின்றான்.

பீரோவைத் திறக்கிறான். அது அந்தச் சத்தம்தான். பை ஏற்கெனவே கட்டித்தான் வைத்திருக்கிறான், பிள்ளையுடைய பால்டப்பாவை மட்டும் எடுக்கிறான் போல. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். உங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் வேலையைப் பாருங்கள், இன்னும் எத்தனை கேள்வி?

வாசல் வழியாகத்தான் போவான், வழி விடுங்கள். காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குத் தொப்பி போடவில்லை. காற்று அடிக்கிறது. கோமதி, தொப்பி.

போய்விட்டான்.

படியுங்கள் மேடம். கடைசிக் கேள்வியா? படியுங்கள். "குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கையை உறுதிசெய்க." மூன்று என்று வைத்திருக்கிறீர்கள். அழிக்காதீர்கள். ஏன் அழிக்கப் பார்க்கிறீர்கள்? உங்கள் கையேட்டில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். கடந்த ஒரு வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இந்த வீட்டில் தங்கினவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். அவனும் பிள்ளையும் இன்றைக்குக் காலை வரைக்கும் இங்கேதான் இருந்தார்கள்.

மூன்று. அப்படியே இருக்கட்டும்.